பிறந்த வருடத்தில் சொல்லும் ஒரு பொய்

புதுச் செயலி ஒன்றை நிறுவியதும் அது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று பிறந்த தேதி. பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் பல வீடுகளில் அந்த இடத்தில் அப்பாவின் பிறந்த வருடம் போகும். இல்லையென்றால் விரலால் உருட்டிவிட்ட சக்கரம் எங்கே நின்றதோ அந்த வருடம். "வயசு கம்மின்னா உள்ளேயே விடாது, சும்மா ஏதாவது போடு" என்பதுதான் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் வழி. பிள்ளைகளுக்காகச் சட்டமும் செயலிகளும் வைத்திருக்கும் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வருடத்தை நம்பித்தான் நிற்கின்றன. அது பொய்யாக இருந்தால் என்னென்ன கழன்று போகிறது, எதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்பதை இந்திய நிலவரத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் செயலிகள் வைக்கும் 13 வயது வரம்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் எல்லாம் 13 வயது கேட்கின்றன. கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்க இந்தியாவில் 13 ஆகியிருக்க வேண்டும். இது நம் ஊர்ச் சட்டம் வைத்த எண் அல்ல. 1998-இல் அமெரிக்கா, 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் இணையத்தில் திரட்டக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டது. 2000 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் வாங்கிச் சரிபார்க்கச் செலவும் தொல்லையும் அதிகம். அதனால் நிறுவனங்கள் "13 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு நகர்ந்தன. அந்த வரிதான் உலகம் சுற்றி நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. பதின்மூன்று வயதில் முதிர்ச்சி வந்துவிடும் என்று யாரும் ஆராய்ந்து வைத்த எண் இல்லை.

நம் சட்டத்தில் எண் 18. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதடைவுச் சட்டம் 18 நிறைந்தவரையே மேஜர் என்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 11, மேஜர் ஆனவரால்தான் ஒப்பந்தம் செய்ய முடியும் என்கிறது. மைனர் செய்த ஒப்பந்தத்தின் கதி என்ன என்பதை 1903-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்து வைத்தது. தர்மோதாஸ் கோஷ் என்ற மைனர் 1895-இல் கல்கத்தாவில் தன் வீடுகளை 20,000 ரூபாய்க்கு அடமானம் வைத்த வழக்கு அது. மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, 18 ஆனபின் "சரி, ஒத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அதற்கு உயிர் கொடுக்கவும் முடியாது என்பதுதான் இன்றுவரை நிற்கும் நிலை. வட்டிக்கடைக்காரருக்குச் சொன்ன அந்தத் தீர்ப்பு, "விதிமுறைகளை ஏற்கிறேன்" என்ற பொத்தானுக்கும் பொருந்தும். பதினைந்து வயதுப் பையன் அதை அழுத்தியதை வைத்து, "நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும், நீதிமன்றம் கிடையாது" என்ற நிபந்தனையை அவன்மேல் சுமத்த முடியாது.

இதைக் கேட்டதும் "அப்படியென்றால் பிள்ளை வாங்கிய எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு தடை உண்டு. வாழ்க்கைக்குத் தேவையான பொருளை ஒருவர் மைனருக்குக் கொடுத்திருந்தால், அந்த மைனருக்குச் சொத்து இருக்கும் பட்சத்தில் அதிலிருந்து விலையை வாங்கிக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் பிரிவு 68 சொல்கிறது. இரண்டாவதுதான் பெரிய தடை. பெரும்பாலான வீடுகளில் செயலிக் கணக்கோ கார்டோ யுபிஐயோ அப்பா அம்மா பெயரில் இருக்கிறது. நிறுவனத்தின் பார்வையில் வாங்கியது நீங்கள். பிள்ளையின் பெயரும் வயதும் எங்கும் பதிவாகாத பரிவர்த்தனையில் "மைனர் ஒப்பந்தம்" என்று வாதாடுவது கஷ்டம். பொய் வருடம் முதலில் கடிப்பது இங்கேதான்: யார் மைனர் என்று காட்ட வேண்டிய சாட்சியை நாமே அழித்து வைத்திருக்கிறோம்.

இன்ஸ்டாகிராமை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2012-இல் பிறந்த பிள்ளைக்கு 2022-இல், பத்து வயதில், கணக்குத் தொடங்குகிறார்கள். 13 வர வேண்டாமா? பாதுகாப்பாக 2007 என்று போடுகிறார்கள். பிள்ளைக்கு உண்மையில் 13 நடக்கும் 2025-லேயே செயலியின் கணக்கில் அவள் 18 வயதுப் பெரிய மனுஷி. அதே 2025 பிப்ரவரியில்தான் பதின்வயதினருக்கான தனிக் கணக்கு முறை இந்தியாவுக்கு வந்தது. 18-க்குக் கீழ் இருந்தால் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக மாறும். தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கும். ஒரு நாளில் 60 நிமிடம் தாண்டினால் நினைவூட்டும். 16-க்குக் கீழ் உள்ளவர் இவற்றைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் அனுமதிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. முன்பின் தெரியாத பெரியவர்களின் செய்தியும், பெரியவர்களுக்கான விளம்பரமும் நேராக வந்து சேரும். வயதை மூன்று வருடம் கூட்டிச் சொன்னால் போதும் என்ற இடத்தில் ஐந்து வருடம் கூட்டியதன் பலன்.

திருத்த வழி இருக்கிறது. இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதில் பர்சனல் டீடெய்ல்ஸ், அதில் பிறந்த தேதி. எத்தனை முறை மாற்றலாம் என்பதற்கு வரம்பு உண்டு, எனவே ஒரே தடவையில் சரியான தேதியைப் போடுங்கள். பிள்ளைக்கு உண்மையில் இன்னும் 13 ஆகவில்லை என்றால் கணக்கு முடக்கப்படும். அதனால் படங்களையும் உரையாடல்களையும் முதலில் தரவிறக்கி வைத்துக்கொண்டு பிறகு தேதியில் கை வையுங்கள். கூகுளில் நிலைமை கொஞ்சம் மென்மை. உண்மை வயது 13-க்குக் கீழ் என்று திருத்தினால் 14 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் ஃபேமிலி லிங்க் மூலம் பெற்றோர் மேற்பார்வையைச் சேர்த்துவிட்டால் கணக்கு பிழைக்கும், தவறினால் முடங்கும். பள்ளி வேலை முழுவதும் அந்த மின்னஞ்சலில் இருந்தால் பரீட்சை நேரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

இனி தரவு. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர் என்று நேராகச் சொல்லிவிட்டது. உலகின் பல நாடுகள் 13-லும் 16-லும் நிற்கும்போது இந்தியா 18-க்குப் போனது. பிரிவு 9-இல் இருப்பவை மூன்று. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் பிள்ளையின் தரவைக் கையாளக் கூடாது. பிள்ளையின் நலனைக் கெடுக்கக் கூடிய விதத்தில் கையாளக் கூடாது. பிள்ளையைப் பின்தொடர்ந்து நடத்தையைக் கண்காணிப்பதும், அதை வைத்துக் குறிபார்த்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் பெற்றோர் ஒப்புதல் உள்ளிட்ட முக்கியமான விதிகளுக்கு அந்த அறிவிக்கையில் 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 2027 மே ஆகிறது.

ஒப்புதலை எப்படிச் சரிபார்ப்பார்கள் என்று பலர் கேட்கிறார்கள். பெற்றோர் ஏற்கெனவே அதே செயலியில் அடையாளம் சரிபார்க்கப்பட்ட பயனராக இருந்தால் அந்த விவரத்தையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் டிஜிலாக்கர் (அரசின் மின் ஆவணப் பெட்டகம்) போன்ற அங்கீகரிக்கப்பட்ட சேவை வழியாக, பெற்றோரின் வயதையும் அடையாளத்தையும் உறுதிசெய்யும் ஒரு மின்சீட்டைக் காட்டலாம். ஆக, உங்கள் டிஜிலாக்கர் கணக்கு உங்கள் கைப்பேசி எண்ணில் ஒழுங்காக இயங்குகிறதா என்று இப்போதே பார்த்து வைப்பது பயனுள்ள வேலை. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சில விலக்குகள் உண்டு. பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பாதுகாப்புக்காகப் பார்ப்பது அதில் அடங்கும். பெற்றோரின் ஒப்புதலைக் கோரும் இந்த ஏற்பாடு முழுவதும், "எனக்கு 18 ஆகவில்லை" என்று பயனர் சொன்னால்தான் ஓடத் தொடங்கும். 2007 என்று பதிந்த பிள்ளைக்கு 200 கோடி அபராதம் வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

காசு விஷயம்

ஏமாற்றுக்காரர்கள் உள்ளே வராமலேயே வீட்டுப் பணம் கரைவது பெரும்பாலும் விளையாட்டுச் செயலிகளுக்குள் விற்கும் வைரம், நாணயம், உடுப்பு போன்றவற்றில். பிளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குப் போய், வாங்குவதற்கான சரிபார்ப்பை "எல்லா முறையும்" என்று வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால், நீங்கள் ஒரு பொருளுக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டுக் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்த அந்த அரைமணி நேரம் திறந்த கல்லாப்பெட்டிதான். விரல்ரேகையை வைத்துத் திறக்கும் கைப்பேசியில் பிள்ளையின் விரலும் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டைத் திறக்கவென்று சேர்த்த விரல், வாங்குவதற்கும் செல்லும். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் உள்ள கட்டுப்பாடுகளில் செயலிக்குள் வாங்குவதை மொத்தமாக நிறுத்திவிடலாம். குடும்பப் பகிர்வில் பிள்ளையைச் சேர்த்திருந்தால், வாங்கும் முன் உங்களிடம் அனுமதி கேட்கும் வசதியும் இருக்கிறது.

ஃபேமிலி லிங்க் வைத்திருப்பவர்கள் பலர் தவறவிடும் ஓட்டை ஒன்று. அதன் "பெற்றோர் ஒப்புதல்" கூகுள் பிளேயின் கட்டணமுறை வழியாகப் போகும் பணத்துக்கு மட்டும்தான். அதே விளையாட்டுக்கு இணையதளம் ஒன்றில் பயனர் எண்ணைப் போட்டு, யுபிஐயில் கட்டி, வைரம் ஏற்றிக்கொள்ள முடியும். அந்த வழியை ஃபேமிலி லிங்க் பார்க்காது. பள்ளி நண்பர்களிடையே "மலிவு விலை டாப்-அப்" என்று சுற்றுவது பெரும்பாலும் இதுதான். அவற்றில் மோசடியும் உண்டு என்பதால், பணமும் போய், விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லும் போய்விடலாம்.

பணம் போய்விட்டது என்றால் நேரம்தான் முக்கியம். பிளே ஸ்டோரில் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்பது சுலபம். அதைத் தாண்டினால் விளையாட்டை உருவாக்கியவரிடம் போய் நிற்க வேண்டும். ஆப்பிளில் வாங்கியதற்கென்று "சிக்கலைத் தெரிவி" பக்கம் உண்டு. அங்கே காரணங்களில், மைனர் அனுமதியில்லாமல் வாங்கினார் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். எழுதும்போது பிள்ளையின் வயது, வாங்கிய நாள், ரசீது எண் மூன்றையும் கொடுங்கள். கோபத்தை எழுத வேண்டாம், அது யாருக்கும் போய்ச் சேராது. பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நுகர்வோர் மைனராக இருந்தால் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ புகார்தாரர் ஆகலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம்.

மாதச் சந்தா இன்னொரு வகை. யுபிஐ ஆட்டோபேயில் (தானாகவே பணம் எடுக்க விடும் வசதி) ஒருமுறை பின் எண் போட்டுவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணங்களுக்கு மறுபடி பின் கேட்காது. 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரும், அதை யாரும் படிப்பதில்லை. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. யுபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போய் அதை ரத்து செய்ய வேண்டும்.

"கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வா, என் பின் நாலு ஆறு..." இதை நிறுத்துங்கள். பிள்ளையை நம்பக் கூடாது என்று சொல்லவில்லை. மோசடிப் பணத்துக்கு வாடிக்கையாளர் எவ்வளவு பொறுப்பு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த கொள்கையில், வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வெளியாள் திருடியதை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் ரகசிய எண்ணை நீங்களே பகிர்ந்திருந்தால் அது கவனக்குறைவு. வங்கியில் புகார் சொல்லும் நிமிடம்வரை போன பணம் முழுவதும் உங்கள் நஷ்டம்தான். பின் எண் பிள்ளைக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும்.

அதற்கு மாற்று இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த யுபிஐ சர்க்கிளில் உங்கள் கணக்கிலிருந்து இன்னொருவர் பணம் செலுத்தலாம். அவருக்கு வங்கிக் கணக்கு இருக்க வேண்டியதில்லை. ஒரு முறையில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உங்கள் கைப்பேசிக்கு வேண்டுகோள் வரும், நீங்கள் பின் போட்டால்தான் பணம் போகும். மற்ற முறையில் வரம்புக்குள் அவரே செலுத்தலாம்: மாதம் அதிகபட்சம் 15,000, ஒரு தடவைக்கு 5,000. ஐந்து பேர்வரை சேர்க்கலாம், ஆனால் ஒரு பிள்ளை ஒரே ஒருவரின் வட்டத்தில்தான் இருக்க முடியும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு வட்டத்தில் சேர்க்க நினைத்தால் நடக்காது. பிள்ளைக்கு முதல் முறையைத்தான் சொல்வேன். நீங்கள் கூட்டத்தில் இருக்கும்போது பால்காரர் காத்திருப்பார், அது பரவாயில்லை. எந்தச் செயலியில் சேர்க்கிறீர்களோ அதன் வயது நிபந்தனையை மட்டும் படித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கே தேவை என்றால், 2025 ஏப்ரல் 21-இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எந்த வயதுப் பிள்ளைக்கும் பாதுகாவலர் வழியாகக் கணக்குத் தொடங்கலாம், அம்மாவும் பாதுகாவலராக இருக்கலாம். 10 வயது நிறைந்தவர் விரும்பினால் தாமே தொடங்கித் தாமே இயக்கலாம். எவ்வளவு தொகை வரை, ஏடிஎம் கார்டும் இணைய வங்கியும் கொடுப்பதா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். கிளையில் "18 ஆகணும்" என்று திருப்பி அனுப்பினால் இந்தச் சுற்றறிக்கைத் தேதியைச் சொல்லுங்கள். மைனர் கணக்கில் கடன் விழ அனுமதியில்லை, இருப்பு எப்போதும் மேலேதான் நிற்க வேண்டும். அதனால் இழப்பு அந்த இருப்போடு முடியும். பிள்ளையின் கணக்கில் 500 ரூபாய் வைத்துக் கற்றுக்கொடுப்பது, உங்கள் சம்பளக் கணக்கின் பின்னைச் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை இரண்டு வரியில் முடிக்கலாம். தமிழ்நாடு 2022-இல் தனிச் சட்டம் போட்டது. 2025-இல் வந்த ஒழுங்குமுறைகள் 18-க்குக் கீழ் உள்ளவர்களைத் தடுத்தன, ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின, நள்ளிரவு 12 முதல் 5 வரை ஆடக் கூடாது என்றன. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 3-இல் அவற்றைச் சரி என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதற்கும் மேலே போய், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை எல்லா வயதினருக்குமே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துபவருக்கு மூன்றாண்டு சிறையும் ஒரு கோடி வரை அபராதமும். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. எனவே பிள்ளை மாட்டிக்கொண்டால் பயந்து மறைக்கத் தேவையில்லை, புகார் கொடுக்கலாம்.

வண்டி

வாடகைக் கார் செயலிகளில் கணக்கு 18 வயதுக்கு மேல்தான். அம்மா தன் கணக்கில் பதிவுசெய்து 15 வயதுப் பிள்ளையைத் தனியாக ஏற்றிவிடுவது அன்றாடம் நடப்பது. அது பல செயலிகளின் நிபந்தனைக்கு விரோதம். ஓட்டுநர் "பெரியவர் யாரும் வரலையா?" என்று கேட்டு ஏற்ற மறுத்தால் அவர்மேல் கோபப்பட இடமில்லை. 2025 மார்ச்சில் ஊபர் 13 முதல் 17 வயதினருக்கான கணக்கை இந்தியாவில் கொண்டுவந்தது. பெற்றோர் அழைப்பு அனுப்பித்தான் அது தொடங்கும். பயணம் தொடங்க பின் எண் சொல்ல வேண்டும், பெற்றோர் வண்டி போகும் வழியை நேரடியாகப் பார்க்கலாம். இருக்கும் வசதியை விட்டுவிட்டு அம்மா கணக்கிலேயே அனுப்பினால், ஓட்டுநரின் திரையில் போய் உட்காருவது ஒரு பெரியவரின் பெயர். பின்னால் ஏதாவது நடந்தால் அந்த வண்டியில் பிள்ளை இருந்ததையே முதலில் நிரூபிக்க வேண்டிவரும்.

விபத்து நடந்துவிட்டால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செயலியின் நிபந்தனையை மீறியதால் நஷ்டஈடு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் காயமடைந்தவர் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை, செயலியோடு செய்த ஒப்பந்தத்திலிருந்து வருவதல்ல. மைனருக்காகப் பாதுகாவலர் மனு போடலாம்.

ஓட்டுவது வேறு கதை. 50 சிசிக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 16, மற்றவற்றுக்கு 18, வாடகை, சரக்கு போன்ற போக்குவரத்து வண்டிக்கு 20. அண்ணனின் அடையாளத்தில் பதிவுசெய்து 16 வயதுத் தம்பி உணவுப் பொட்டலம் கொண்டுபோவது நகரங்களில் அபூர்வம் இல்லை. பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 199ஏ பாதுகாவலர்மேலும் வண்டிச் சொந்தக்காரர்மேலும் பாயும்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, ஏனென்றால் தெரிந்துதான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. இதற்குமேல் காப்பீட்டு நிறுவனம் மூன்றாம் நபருக்குக் கொடுத்த பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடமிருந்து திரும்ப வசூலிக்க முடியும். ஒரு நாள் கூலிக்காக வீட்டை எழுதிக் கொடுக்கும் நிலை.

படம் வைத்து மிரட்டினால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிள்ளையின் படத்தை, பெரும்பாலும் மாற்றிச் சித்திரித்த படத்தை, வைத்து ஒருவர் பணம் கேட்கிறார் அல்லது இன்னும் படம் கேட்கிறார். பெற்றோர் செய்யும் முதல் தவறு, பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழிப்பது. இரண்டாவது, அந்தப் படத்தையே தன் கைப்பேசிக்கு அனுப்பி, "இதைப் பாருங்க" என்று உறவினருக்கும் தெரிந்த காவலருக்கும் அனுப்புவது. இரண்டாவது தவறு உங்களையே குற்றவாளி ஆக்கக்கூடும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் பிரிவு 15, பிள்ளைகளின் ஆபாசப் பதிவை வைத்திருப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் முறைக்கே ஐந்தாண்டு சிறையும் 10 லட்சம் அபராதமும் வரை போகும். தரவிறக்கி வைத்திருந்தது மட்டும் குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியது இது. மிரட்டியவரின் பயனர் பெயர், பக்க முகவரி, செய்தி வந்த நேரம், மிரட்டல் வாசகம், பணம் கேட்ட யுபிஐ முகவரி ஆகியவற்றை எழுதியோ திரைப்பிடித்தோ வையுங்கள், படம் தெரியாத விதத்தில். படம் இருக்கும் கைப்பேசியை அப்படியே வைத்துக் காவல்துறையிடம் காட்டுங்கள். மிரட்டியவரின் கணக்கை முடக்குவதற்கு முன் இவற்றைச் சேகரித்துவிடுங்கள், முடக்கியபின் சில விவரங்கள் மறைந்துவிடும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் புகார் தரலாம், பெயர் சொல்லாமலும் தரலாம். பிள்ளைக்கு ஆதரவாக ஒரு குரல் தேவை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. படம் பரவாமல் தடுக்க, அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் டேக் இட் டவுன் என்ற இலவச சேவை உண்டு. படத்தை அனுப்பத் தேவையில்லை. உங்கள் கருவியிலேயே படத்திலிருந்து ஒரு எண்கோவை உருவாகி அது மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதே படம் ஏறுகிறதா என்று பார்த்து நீக்கும்.

தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். நிர்வாணப் படம், மாற்றிச் சித்திரித்த படம் பற்றிய புகாருக்கு 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வைத்தன. பின்னர் வந்த திருத்தம் அவகாசத்தை இன்னும் குறைத்திருக்கிறது. அவர் தரும் பதில் சரியில்லை என்றால், அது கிடைத்த 30 நாளுக்குள் அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

"ஸ்டேஷனுக்குப் போனால் பிள்ளை பேரு கெட்டுப்போகும்" என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் மிரட்டுபவருக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்கின்றன. போக்சோ இதற்குக் கொஞ்சம் யோசித்தே விதி வைத்திருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், "எங்க எல்லை இல்லை" என்பது பதில் ஆகாது. இன்னொரு பக்கம், குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது இதே சட்டத்தில் தண்டனைக்குரியது. பள்ளித் தலைமையாசிரியர் "உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்றால் அவரும் அதற்குள் வருவார்.

18 ஆகும் நாளில்

பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கும் நிமிடத்திலேயே ஒருவர் மேஜர். மைனர் காலத்தில் நடந்தவற்றுக்கு வழக்குப் போடும் காலக்கெடு, 1963-ஆம் ஆண்டின் காலவரைச் சட்டப்படி, அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கும். அதற்குமேல் அதிகபட்சம் மூன்றாண்டு. வங்கியில் புதிய கையெழுத்தும் புதிய இயக்க அறிவுறுத்தலும் தர வேண்டும். பாதுகாவலர் இயக்கிய கணக்கானால் இருப்பைச் சரிபார்த்து உறுதிசெய்தும் வாங்குவார்கள். இதைத் தள்ளிப்போட்டால் கல்லூரிக் கட்டணம் கட்டும் வாரத்தில் கணக்கு நின்றுபோகும். ஆகவே பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே ஆதாரில் படமும் கைப்பேசி எண்ணும் புதுப்பித்துவிட்டு, அந்த நாள் விடுமுறையாக இல்லாவிட்டால் கிளைக்கே போய்விடுங்கள். சரியான பிறந்த தேதியோடு.